சுசீந்திரத்து அபிராமியும் வேணாட்டரசர் இராமவர்மரும்

நாஞ்சில் நாட்டின் நடுவண், பழையாற்றங்கரையில், தாணுவும் மாலும் அயனும் ஓருருவாய் எழுந்தருளிய திருத்தலம் சுசீந்திரம். அகலிகையிடத்துப் பிழை செய்த இந்திரன் கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தூய்மை பெற்ற இடம் இதுவாதலின் இப்பெயர் பெற்றதென்பது தலபுராணம். காமத்தால் வந்த மாசு கழுவப்பெற்ற ஊர் என்பது இதன் பழம்பெருமை. அவ்வூரிலேயே ஓர் அரசர் ஒரு பெண்ணைக் கண்டு காதல் கொண்டார் என்பதும், அக்காதலின் பயனாக ஒரு தலைமுறை கழிவதற்குள் நாடு இரண்டுபட்டுக் குருதி சிந்திற்றென்பதும் நாஞ்சில் நாட்டார் நாவில் இன்றும் வழங்கும் செய்திகளாம். அரசர் வேணாட்டு இராமவர்மர். பெண் அபிராமி. இவ்வரலாற்றில் மெய்யெனக் கொள்ளத்தக்கது யாது, கதையெனத் தள்ளத்தக்கது யாது, அதனின்று அறியத்தக்க பொருள் யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

நாடும் காலமும்

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் கீழ்ப்பகுதியாகிய தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களுமே பழைய நாஞ்சில் நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைவதற்கு முன்னர் இது திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதற்கும் முற்பட்ட வேணாட்டரசர் காலத்தில் இந்நாடு மேற்கேயுள்ள மலையாள நாட்டிற்கும் கிழக்கேயுள்ள பாண்டி நாட்டிற்கும் இடைப்பட்ட வாயிலாக இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வடுகப் படை வந்து நெல்லைக் கவர்ந்து செல்லும். மேற்கிலிருந்து அரசன் படை வந்து வரியைக் கவர்ந்து செல்லும். இவ்விரண்டிற்கும் ஆற்றாது, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் ஊர்தோறும் கூடி, காவாத அரசனுக்கு வரி கொடோம் எனத் தீர்மானித்த செய்திகளைப் பழைய ஓலைகள் தெரிவிக்கின்றன.

அக்காலத்து வேணாட்டரசரது அதிகாரமும் ஓங்கியதன்று. எட்டு வீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட பெருங்குடித் தலைவர்கள் தத்தம் நிலப்பகுதிகளில் அரசரெனவே வாழ்ந்தனர். திருவனந்தபுரம் பதுமநாப சுவாமி கோயில் நிருவாகமும் யோகக்காரர் கையில் இருந்தது. இந்நிலையில் ஆட்சி புரிந்தவரே இராமவர்மர். உள்நாட்டுத் தலைவர்களை அடக்குதற்குத் தம் படை போதாமையின், அவர் 1726ஆம் ஆண்டையொட்டித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, மதுரை நாயக்க அரசோடு உடன்படிக்கை செய்து, திறை தருவதாக ஒப்புக்கொண்டு, படை பெற்று வந்தார். அரசர்க்குத் தம் குடிகளினும் அயலார் படையே நம்பத்தக்கதாயிற்று என்பதே அக்காலத்து நிலையை விளக்கப் போதும்.

அரசர் வழியும் மருமக்கள் வழியும்

அபிராமியின் கதையை உணர்தற்கு வேணாட்டு மரபொன்றை முதற்கண் உணர்தல் வேண்டும். அங்கே பட்டம் மகனுக்குச் செல்வதன்று. அரசனுடைய உடன்பிறந்தாள் வயிற்றுப் பிள்ளைக்கே உரியது. அரச குலத்துப் பெண்மக்கள் ஆற்றிங்கல் அரசியர் எனப் பெயர் பெறுவர். ‘ராணி’ என்னும் பெயர் அவர்கட்கே உரியது. அரசன் மணந்த மங்கை அரசியாகாள். அவளுக்கு அம்மச்சி என்பதே பெயர். அவள் வயிற்று ஆண்மக்கள் தம்பி எனவும், பெண்மக்கள் தங்கச்சி எனவும் அழைக்கப்பெறுவர். செல்வமும் சிறப்பும் அவர்கட்கு உண்டு. முடிக்கு மட்டும் உரிமை இல்லை.

ஆற்றிங்கல் வழியிற் பிள்ளையில்லாதொழியின் யாது செய்வரெனின், வடமலையாளத்துக் கோலத்து நாட்டு அரச குடும்பத்தினின்றும் ஆண்மக்களையும் பெண்மக்களையும் தத்தெடுப்பர். இராமவர்மரே அவ்வாறு பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தத்தெடுக்கப்பட்டு வந்த குழந்தைகளுள் ஒருவர். அவருடைய மருமகனே பின்னர்ப் பெரும்புகழ் பெற்ற மார்த்தாண்டவர்மர். ஆகவே, ‘அயலார்’ என்னுஞ் சொல்லை இவ்வரலாற்றில் ஆளுமிடத்து எச்சரிக்கையோடு ஆளுதல் வேண்டும். அரசரும் பிறப்பால் வேணாட்டினர் அல்லர். நூறு காதத்துக்கு அப்பாலிருந்து சடங்கு முறையாற் கொணரப்பட்டவர் உள்ளவரானார். காதல் முறையால் வந்தவளோ இறுதிவரை புறத்தவளாகவே நின்றாள். அகம் புறம் என்னும் எல்லையை வகுத்தது குருதியன்று, மரபேயாம்.

அபிராமி யார்?

அபிராமி பிறந்த நாடும் குலமும் பற்றி வழக்குகள் பலவாக உள்ளன. வடநாட்டினின்றும் தென்குமரிக்கு வந்து தங்கிய குடும்பத்தினள் என்பது ஒரு வழக்கு. அவ்வடநாடு அயோத்தி என்பார் சிலர், வங்கம் என்பார் சிலர். சுசீந்திரம் கோயிலில் ஆடற்பணி பூண்டவள் என்பது மற்றொரு வழக்கு. இவற்றுள் எவ்வழக்கைக் கொள்ளினும் இரண்டு செய்திகள் பொதுவாக நிற்கின்றன. ஒன்று, அவள் வேணாட்டுப் பெருங்குடி எதனையும் சார்ந்தவள் அல்லள். மற்றொன்று, அரசர் அவளைக் கண்ட இடம் சுசீந்திரம்.

அஃது இயல்பே. வேணாட்டரசர்க்கு இத்திருக்கோயிலோடு நெருங்கிய தொடர்பு உண்டு. மார்கழித் திருவாதிரையை ஒட்டி நிகழும் பெருவிழாவில் நாஞ்சில் நாடு முழுதும் திரளும். தேரோடும் வீதியில் அரசரும் குடிகளும், உள்ளூராரும் வெளியூராரும் ஒருங்கு நிற்பர். சாதியும் நிலையும் வகுத்த எல்லைகள் ஆண்டிற்குச் சில நாளேனும் நெகிழும் இடம் கோயில் வீதியன்றோ?

ஆடற்பணி பூண்டவள் என்னும் வழக்கை இழிவாகக் கருதி மறைப்பாரும், அதனையே பற்றி அவளை இகழ்வாரும் உளர். சைவ நூற்பயிற்சி உடையார்க்கு இவ்விரண்டும் வேண்டா. திருவாரூரில் உருத்திர கணிகையர் குலத்துதித்த பரவையாரை நம்பியாரூரர் மணந்ததும், அவர்தம் ஊடலைத் தீர்க்க இறைவனே நள்ளிரவில் தூது நடந்ததும் திருத்தொண்டர் புராணத்துட் கேட்டவர்கள், கோயிற்பணி பூண்ட மங்கையைக் குலங்கூறி இழித்துரையார். திருவிதாங்கூர்க் கோயில்களில் அப்பணிமுறை நிறுத்தப்பட்ட காலத்தில் அது எந்நிலையை அடைந்திருந்தது என்பது வேறு செய்தி. அபிராமியை அரசர் முறையாக மணந்து அம்மச்சி நிலையில் வைத்தார் என்பதில் வழக்குகள் மாறுபடவில்லை.

அவர்கட்குப் பிறந்த ஆண்மக்கள் இருவர். வரலாற்று நூல்கள் இவர்களைப் பப்புத் தம்பி, இராமன் தம்பி என்னும். நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டாக வழங்கும் ‘தம்பிமார் கதை’ வலிய தம்பி, குஞ்சுத் தம்பி என்னும். பெண்மகள் ஒருத்தி. அவள் பெயர் கொச்சுமணித் தங்கை எனவும் உம்மிணித் தங்கை எனவும் வழங்கும்.

வாக்குறுதி என்னும் வழக்கு

அரசர் மணம் வேண்டியபோது, தன் வயிற்று மகனுக்கே பட்டம் என வாக்குறுதி பெற்ற பின்னரே அபிராமி இசைந்தாள் என்று சொல்வாரும் உளர். இதனை எவ்வாறு கொள்வது?

பாரதத்துட் சந்தனு மகாராசன் சத்தியவதியைக் கண்டு காதலித்தபோது, அவள் தந்தை இதே வாக்குறுதியைக் கேட்டான். கைகேயியின் திருமணத்தின்போதும் இத்தகைய வாக்குறுதி இருந்ததென்று ஒரு கூற்று உண்டு. காதலால் அரசுரிமை கலங்கிய இடங்களிலெல்லாம் மக்கள் மனம் இக்காரணத்தை நாடுதல் வழக்கம். ஆதலின் அபிராமி பெற்றதாகக் கூறும் வாக்குறுதியை ஆவணம் இன்றி மெய்யென நாட்டுதல் இயலாது. அன்றியும், வேணாட்டு மரபின்படி பட்டம் அரசர் கொடுக்கும் பொருளன்று. அஃது ஆற்றிங்கல் வழியாற் பிறப்பிலேயே வருவது. தமக்கு உரிமையில்லாத பொருளைத் தருவதாக அரசர் வாக்களித்திருப்பின் அவ்வாக்கு செல்லுவதன்று.

ஆயினும், வாக்குறுதி பொய்யெனினும் எதிர்பார்ப்பு மெய்யாகலாம். மகனே தந்தைக்கு வாரிசு என்னும் மக்கள்வழி மரபுடைய நாட்டினின்றும் வந்த குடும்பத்திற்கு, அரசன் மகன் அரசனாவான் என்பது கேட்டுப்பெற வேண்டிய வரமன்று. உலகியல்பு. அரசர் மகிழ்ந்திருந்த காலத்தில் அதனை மறுத்துரைக்கத் துணிந்தவர் இலர் போலும். சொல்லாத வாக்கும் சில வேளைகளிற் சொன்ன வாக்கினும் வலிதாம்.

இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. மருமக்கள் வழியில் அரசன் மகனுக்கு முடி இல்லையெனினும் அவன் அனாதையல்லன். தாயின் தறவாடு அவனுக்கு உண்டு. தாய்மாமன் உண்டு. தாய்வழி நிலம் உண்டு. அரசன் இறந்தால் அவன் தன் தாய் வீட்டில் தலைநிமிர்ந்து வாழ்வான். அபிராமியோ வெளியினின்றும் வந்தவள். இந்நாட்டு மண்ணிற் பல தலைமுறையாக வேர்கொண்ட தறவாடு அவளுக்கு இருந்ததாக எவ்வழக்கும் கூறவில்லை. அவள் மக்களுக்குத் தந்தை வழியில் உரிமை இல்லை. தாய் வழியில் ஒதுங்கப் பெருநிழல் இல்லை. மக்கள்வழி நாட்டிற் பிறந்திருப்பின் தந்தை வீடு அவர்களைத் தாங்கும். உள்நாட்டு அம்மச்சிக்குப் பிறந்திருப்பின் தாய் வீடு தாங்கும். இரண்டுக்கும் இடையே பிறந்தவர்கள் அவர்கள். அரசர் உயிரோடிருக்கும் வரை இக்குறை தோன்றாது. அவர் கண் மூடிய அன்றே தோன்றும். தம்பிமார் செய்த போரை ஆசை ஒன்றினால் விளைந்ததென்பதினும், நிற்க நிலமின்மையால் விளைந்ததென்பது பொருத்தமாம்.

அரசர்க்குப் பின்

இராமவர்மர் காலஞ்சென்றபின், 1729ஆம் ஆண்டில் மார்த்தாண்டவர்மர் பட்டம் எய்தினார். அப்போது அவர்க்கு வயது இருபத்து மூன்றோ நான்கோ. இளவரசாயிருந்த காலத்தே எட்டு வீட்டுப் பிள்ளைமாரைப் பகைத்துக்கொண்டு, அவர்தம் ஆட்கள் துரத்த, ஊர்தோறும் ஒளிந்து திரிந்தவர். நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தினுட் புகுந்து உயிர் தப்பினார் என்று வழங்கும் செய்தி அந்நாட்டில் யாவரும் அறிந்ததே.

இவரை விரும்பாத பிள்ளைமார் தம்பிமாரைத் தேடி வந்தனர். தம்பிமாரிடத்து அன்பு பூண்டு வந்தனர் என்பதற்கு இடமில்லை. வலிமையுள்ள மருமகனினும் வலிமையற்ற மகன் அரியணையில் இருப்பது தங்கட்கு நலமெனக் கருதியே வந்தனர். புறத்தே நின்ற இருவர்க்கு அகத்தே நின்ற எண்மர் துணையாயினர். அத்துணையே அவர்கட்குக் கூற்றாயிற்று.

தம்பிமார் திருச்சிராப்பள்ளி அரசினரிடம் முறையிட்டனர். தந்தை சென்று படை வேண்டிய அதே இடத்திற்கு மக்களும் சென்றது குறிப்பிடத்தக்கது. மருமக்கள் வழி அறியாத அந்நாட்டில், தந்தையின் அரசைத் தமையன் தம்பியர் கேட்பது எளிதில் விளங்கும் வழக்காகும். அழகப்ப முதலியார் என்பார் தலைமையில் ஒரு படை நாஞ்சில் நாட்டிற்கு வந்தது. நாகர்கோயிலில் முதலியார் இருதிறத்தார் வழக்கையும் கேட்டார். மார்த்தாண்டவர்மர் பக்கத்தினர் நாட்டு மரபை எடுத்துரைத்தனர். வேணாட்டிற் பட்டம் மருமகனுக்கே உரியதென்றும், தம்பிமார் வழக்கு செல்லாதென்றும் முதலியார் முடிவு செய்து மீண்டனர் என்பது சங்குண்ணி மேனோன் 1878இல் வெளியிட்ட திருவிதாங்கூர் சரித்திரத்திற் காணும் செய்தி. அம்முடிவிற்கு மரபு ஒன்றே காரணமோ, அரசர் பக்கத்தாரது பொருளும் காரணமோ என ஐயுறுவார் ஐயுறுக. ஆயினும் தேசாசாரத்தை மதித்தல் அறநூல்கட்கு உடன்பாடே. மக்கள்வழி நாட்டினின்றும் வந்த ஓர் அதிகாரி தன் நாட்டு வழக்கைப் பிறர் நாட்டின்மேல் ஏற்றாது விட்டமை, காரணம் எதுவாயினும், முறைக்கு இசைந்ததேயாம்.

இரு சான்றுகள்

பின்னர் நிகழ்ந்ததை இரண்டு சான்றுகள் இரு வேறு வகையாகக் கூறுகின்றன.

அரசவைச் சார்பில் எழுந்த வரலாறு கூறுவது இது: அரசர் நாகர்கோயில் அரண்மனையில் தங்கியிருந்தபோது பப்புத் தம்பி அங்கே சென்றான். முறைப்படி இசைவு பெறாது மாடிக்கு ஏற முயன்றவனைக் காவலன் தடுத்தான். பூசல் மூண்டு தம்பி வெட்டுண்டு இறந்தான். அதுகேட்டு வாளோடு பாய்ந்து வந்த இராமன் தம்பி அரசரையே தாக்க, அரசர் தம்மைக் காத்தற்பொருட்டு அவனைக் குத்தி வீழ்த்தினார்.

தம்பிமார் கதை கூறுவதோ வேறு. அதன்படி இக்கொலைகள் பூசலால் நேர்ந்தவை அல்ல, வஞ்சனையால் நேர்ந்தவை. பகையின் தொடக்கமும் முடியன்று. கொச்சுமணித் தங்கையை மணஞ்செய்துகொள்ள மார்த்தாண்டவர்மர் விரும்பினார். அவள் வயிற்றுப் பிள்ளைக்குப் பட்டம் தருவதாயின் மணம் நேர்வோம் எனத் தமையன்மார் நிபந்தனை இட்டனர். அரசர் அதற்கு இசைந்திலர். அவமதிப்பு பகையாயிற்று. பகை கொலையாயிற்று. தமையன்மாரை இழந்த தங்கை தானும் உயிர் நீத்தாள்.

இவ்விரண்டனுள் எது மெய்? அரண்மனை வரலாறு அரசர் பெருமையைக் காக்கும் நோக்குடையது. அது நிகழ்ச்சிக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அரசரது ஆதரவுள்ள காலத்து எழுதப்பட்டது. கதைப்பாடலோ அகால மரணம் எய்தினாரைத் தெய்வமாக்கிக் கொடைவிழாவிற் பாடும் மரபில் வந்தது. இறந்தவர்மேல் இரக்கம் விளைவிப்பதே அதன் நோக்கம். 1891இல் சி. வி. இராமன் பிள்ளை இயற்றிய ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாள நவீனம் தம்பியைத் தீயோனாக்கி நாடெங்கும் பரப்பியது. அதனைப் படித்தார் அதுவே வரலாறெனவும் மயங்கினர். பாட்டு அழவைத்தது, நவீனம் வெறுக்கவைத்தது. இரண்டும் சான்றாகா.

இரண்டு சான்றுகளும் ஒத்துக்கொள்வனவற்றை மட்டும் வைத்து நோக்கின் எஞ்சுவது இதுவே: இராமவர்மரின் மக்கள் இருவரும், மார்த்தாண்டவர்மர் பட்டமேறிய சில ஆண்டுகளுக்குள், அரசர் பக்கத்தாராற் கொல்லப்பட்டனர். அதன்பின் எட்டு வீட்டுப் பிள்ளைமாரும் பிடிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டனர். அவர்தம் வீடுகள் இடிக்கப்பட்டன. பெண்டிரும் பிள்ளைகளும் கடற்கரையாரிடம் விற்கப்பட்டனர் என்பது வழக்கு. அபிராமியின் இறுதி பற்றி வரலாறு வாய் திறவாது.

கதைப்பாடலில் ஒரு நுட்பம் கருதற்பாலது. தாய் திருமணத்தில் இருந்ததாகக் கூறும் அதே நிபந்தனை மகள் திருமணத்திலும் வருகின்றது. தாயின் காலத்தில் அரசர் இசைந்தார், அல்லது மறுத்துரையாது இருந்தார். மகள் காலத்தில் அரசர் மறுத்தார். ஒரு முறை நெகிழ்ந்து கொடுத்த சொல்லால் விளைந்த கேட்டைக் கண்டவர் மறுமுறை அச்சொல்லைக் கொடுத்திலர் என்பது பாட்டின் உட்கிடை. கதை மெய்யாயினும் அன்றாயினும், அதைப் பாடிய நாட்டார் இக்கலகத்தின் வேரை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

வீடுதோறும் நிகழ்ந்த வழக்கு

அரண்மனைக் கலகத்தை நாஞ்சில் நாட்டார் இருநூறாண்டுக்கு மேலாகப் பாடி வந்தது ஏன்? அரச குலத்தார் மட்டுமன்றி நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள் வழியைக் கைக்கொண்டிருந்தனர். பெற்ற மகன் தந்தையோடு உழுது நிலத்தைத் திருத்துவான். தந்தை இறந்தால் நிலம் மருமகனுக்குச் செல்லும். மகனுக்கு உகந்துடைமை என்னும் பெயரால் ஒரு சிறு பங்கே உண்டு. அதனைப் பெறுதற்கும் வழக்கு மன்றம் ஏறவேண்டும். கணவனை இழந்தவள் பிள்ளைகளோடு வெளியேறுவாள். ஆகவே தம்பிமார் கதையைக் கேட்டவர்கள் தங்கள் வீட்டுக் கதையையே கேட்டனர். ஊர்தோறும் ஓர் அபிராமி இருந்தாள். வீடுதோறும் ஒரு தம்பி இருந்தான்.

இத்துயரைத் தமிழுலகம் அறியச் செய்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. சுசீந்திரத்தை அடுத்த தேரூரிற் பிறந்த அவர், திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் பயின்றவர். ஒரு காரணவரின் மனைவி தன் வாயாற் கூறுவதாக அமைந்த ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ நகைப்பினூடே கண்ணீரை வருவிப்பது. 1926ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டிற்று. மகனும் மனைவியும் உரிமை பெற்றனர். வாளெடுத்துத் தம்பிமார் பெறாததை ஏட்டாலும் எழுத்தாலும் நாட்டார் பெற்றனர். ஆயினும், மருமக்கள் வழியைக் கொடிது என்று மட்டும் சொல்லி அமைதல் நடுவுநிலையன்று. பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் நீங்கா உரிமையைத் தந்ததும் அம்முறையே. தாய் வீடுடையாளுக்கு அது அரண். தாய் வீடில்லாதாளுக்கு அது மதில்.

‘எனது’ என்னும் பாசம்

மார்த்தாண்டவர்மர் பின்னர் 1741இற் குளச்சலில் ஒல்லாந்தரை வென்றார். சிற்றரசுகளை ஒவ்வொன்றாக அடக்கித் திருவிதாங்கூரைப் பேரரசாக்கினார். 1750ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பதுமநாபப் பெருமானுக்குத் தானமாக எழுதிவைத்து, அன்று முதல் பதுமநாபதாசன் என்னும் பெயரோடு அப்பெருமானின் அடியவராக நின்று ஆண்டார். திருப்படித்தானம் எனப்படுவது இது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகும் வரை அவர் வழியினர் அம்முறையே ஆண்டனர்.

இச்செயலின் அரசியல் நோக்கங்களை எடுத்துரைப்பார் பலர். அரசை இறைவன் உடைமையாக்கின், அதனை எதிர்ப்பவன் இறைவனையே எதிர்ப்பவனாவான். உரிமை கோருவார் வாய் அடையும். இஃது உண்மையே. எனினும் சித்தாந்தம் பயின்றார்க்கு மற்றொன்றும் தோன்றும். இருபதாண்டுகட்கு முன்னே, மகன் ‘எனது’ என்றதும், மருமகன் ‘எனது’ என்றதும் ஒரே மண்ணை. அதன்பொருட்டுச் சிந்திய குருதி ஒரே குடும்பத்துக் குருதி. அம்மண் இருவருக்கும் உரியதன்று என்று வென்றவனே இறுதியில் எழுதிக் கொடுத்தான். யான் எனது என்னும் செருக்கு உயிரைப் பிணிக்கும் பாசம் என்று மெய்ந்நூல்கள் ஓதுவதற்கு அரசியல் வரலாற்றில் இதனினும் தெளிவான காட்டு அரிது. அவ்வோலையை இருபதாண்டு முன்னர் எழுதியிருப்பின் மூன்று உயிர்கள் எஞ்சியிருக்குமோ என எண்ணாதிருத்தல் இயலாது. வெற்றிக்குப் பின் வந்த துறவு மேன்மையுடையதே. எனினும் இறந்தவர்க்கு அது பயன்பட்டதன்று.

பழி யாருக்கு?

இவ்வரலாற்றைச் சொல்வார் பலரும் அபிராமியின்மேற் பழி சுமத்துதல் வழக்கமாக உள்ளது. வெளியினின்றும் வந்த ஒருத்தி அரசனை மயக்கி நாட்டைக் கெடுத்தாள் என்பர். கைகேயியின்மேலும் கண்ணகிக்கு எதிர்நிறுத்தப்பட்ட மாதவியின்மேலும் ஏற்றிய பழியே இது. நூற்சான்றை நோக்கின், அவள் கலகம் செய்தாள் என்பதற்கோ, சூழ்ச்சி செய்தாள் என்பதற்கோ ஓர் எழுத்தும் இல்லை. நாட்டு மரபு அறியாது வந்தவள் அவள். அறிந்தவர் அரசர். தம்மைப் பெற்றவளை விட்டுத் தத்துப் போந்த அரசர்க்கு, வேணாட்டிற் பிறப்புரிமை என்பது யாது, மகன் உரிமை என்பது யாது என்று பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தம் காதலின் பயனாக வரும் மக்கள் எங்கே நிற்பர் என்பதை எண்ணி, தம் கண் மூடுமுன் அவர்கட்குத் தகுந்த நிலையும் எல்லையும் வகுத்துரைக்க வேண்டிய கடன் அவரதே. அவர் திருச்சிராப்பள்ளி வரை சென்று நாட்டிற்குப் படை தேடினார். தம் மனைக்கு அமைதி தேடினாரல்லர்.

திருவொற்றியூரில் மகிழமரத்தின்கீழ்ச் சங்கிலியாருக்குச் சூளுரைத்த நம்பியாரூரர், அச்சூளைத் தவறியபோது, இறைவனுக்குத் தோழராயிருந்தும் கண்ணிழந்து வருந்தினார். மணத்தின்கண் உரைத்த சொல் தோழர்க்கும் நெகிழ்த்தப்படவில்லை. கச்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் அவர் பெற்றது, தம் பிழையைத் தாமே சுமந்து பாடித் திரிந்தமையால். காதலித்தல் குற்றமன்று என்பதையும், காதலித்தவளுக்குக் கொடுத்த சொல்லும், கொடாது நம்பவைத்த சொல்லும் கடன் என்பதையும் அடியார் வரலாறு ஒருங்கே காட்டுகின்றது. அரசர் சுமக்காத கடனை அவர் மக்கள் சுமந்தனர்.

சுசீந்திரத்தில் முற்காலத்தே கைமுக்கு என்னும் ஒரு முறை இருந்தது. ஒழுக்கப் பிழை சாற்றப்பட்டவர் கொதிக்கும் நெய்யிற் கைவிட்டுத் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும். சுவாதித் திருநாள் மகாராசர் அதனை நிறுத்தினார். அபிராமி அச்சோதனைக்கு உட்படவில்லை. ஆயினும் அவள் மறைந்து மூன்று நூற்றாண்டு ஆகப்போகும் இந்நாளிலும் மக்கள் நாவென்னும் கொதிநெய்யில் அவள் பெயர் இடப்பட்டு வருகின்றது. இருக்கும் சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்குவார், அப்பெயரிற் கறை காணார். தாணுமாலயன் திருமுன் தேர்வீதியில் தொடங்கிய ஒரு காதலுக்கு நாட்டு மரபு இடங்கொடுத்திலது. இடங்கொடாத மரபும் பின்னர் நிலைத்திலது. நிலைத்தது தாணுமாலயன் திருவடி ஒன்றே.